“விருப்பத்துக்கு உட்பட்டது”: தொலைபேசிச் சிக்னலிங் பாக்கெட்டுக்கு மாறியபோது நடந்தது – ஒரு நிகழ்வு ஆய்வு

வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுமா என்று பார்க்கும் இன்டராப் சோதனைக்கூடங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சியோடு தொடங்கலாம். ஒரு பக்கம் பழைய எக்ஸ்சேஞ்ச், அதன் வாசலில் அதை ஐபி வலையமைப்போடு இணைக்கும் ஒரு கேட்வே. இன்னொரு பக்கம் வேறொரு நிறுவனத்தின் ஐபி போன். போனிலிருந்து எண்ணைப் போடுகிறார்கள். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. கூப்பிட்டவர் காதில் மட்டும் ஒன்றுமே இல்லை, மயான அமைதி. அந்தப் பக்கம் எடுத்தவுடன் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆக, இணைப்பு சரி, குரல் சரி, ரிங் டோனை மட்டும் காணோம்.

நடுவே போன பாக்கெட்டுகளின், அதாவது சிறு தகவல் பொதிகளின், பதிவை எடுத்துப் பார்த்தால் கேட்வே முதலில் 183 என்ற பதிலை அனுப்பிக் குரல் பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் 180, அதாவது ‘ரிங்கிங்’. கேட்வேயின் கணக்கு இது: 180 சொல்லியாயிற்று, இனி டோனைப் போனே உண்டாக்கிக்கொள்ளும். போனின் கணக்கு வேறு: குரல் பாதைதான் திறந்தாயிற்றே, டோன் அதன் வழியாக வரும். நீ தருவாய் என்று நானும், நான் தருவேன் என்று நீயும் சும்மா இருந்துவிட்டோம். இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் தரநிலையைத் திறக்கிறார்கள். இருவருக்குமே தங்களை நியாயப்படுத்த ஒரு வரி கிடைக்கிறது.

இந்த 180, 183 எல்லாம் எஸ்ஐபி என்ற சிக்னலிங் நெறிமுறையின் பதில்கள். அதன் முக்கிய ஆவணமான ஆர்எஃப்சி 3261 (இணையத் தரநிலை ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்) வெளிவந்தது 2002 ஜூன். குரல் பாக்கெட் உண்மையிலேயே வந்து சேரும்வரை போன் தானே டோன் போடட்டும் என்று ஆர்எஃப்சி 3960 எடுத்துச் சொன்னது 2004 டிசம்பர். இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் உலகம் முழுக்க எத்தனை பேர் இந்த அமைதியைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்களோ!

பாக்கெட் வலையமைப்புக்கு யாரும் புதிய சிக்னலிங் நெறிமுறை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள், ஒன்றுக்கு நான்காக. சிரமம் அங்கே இல்லை. கூட்டத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகாத இடத்தில் “இது விருப்பத்துக்கு உட்பட்டது” என்று ஒரு வரியைப் போட்டு மேலே நகர்கிறார்களே, அந்த வரிதான் பத்து ஆண்டு கழித்துச் சோதனைக்கூடத்தில் கடன்காரனைப் போல வந்து நிற்கிறது. 1996 முதல் இன்று வரை இந்தக் கடன் எப்படி ஏறியது, யார் எப்போது கொஞ்சம் அடைத்தார்கள் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

பழைய வீட்டின் அஸ்திவாரம்

சிக்னலிங் என்பது பேச்சு அல்ல, பேச்சுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் பேசிக்கொள்வது. இந்த எண் வேண்டும், மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார், வைத்துவிட்டார். ஒரு காலத்தில் இந்தப் பேச்சும் மனிதர்களின் பேச்சும் ஒரே தடத்தில் ஓடின. அமெரிக்க நெடுந்தூரத் தடங்களில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் தடம் காலி என்று பொருள். ஒரு தானியப் பெட்டியோடு இலவசமாக வந்த பொம்மை விசிலும் அதே ஒலியை எழுப்பும் என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தகைய ஒலிகளை எழுப்பும் ‘புளூ பாக்ஸ்’ பெட்டியை வைத்து ஓசியில் உலகம் சுற்றிப் பேசினார்கள். ஆப்பிள் தொடங்குவதற்கு முன் ஸ்டீவ் ஜாப்ஸும் வோஸ்னியாக்கும் அந்தப் பெட்டியைச் செய்து விற்றது தெரிந்த கதை.

இதற்குத் தீர்வு, சிக்னலுக்குத் தனித் தடம். சிசிஐடிடி என்று அப்போது அழைக்கப்பட்ட சர்வதேசத் தொலைபேசித் தரநிலை அமைப்பு (1993-இல் அதுவே ஐடியு-டி ஆனது) 6-ஆம் எண் முறையில் அதைத் தொடங்கியது. பிறகு 1980-இல் 7-ஆம் எண் முறையை வெளியிட்டது. எஸ்எஸ்7 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நொடிக்கு 64 கிலோபிட் ஓடும் தனி இணைப்பில் செய்திகள் போகும். பேச்சுத் தடத்தில் எவ்வளவு விசிலடித்தாலும் எக்ஸ்சேஞ்ச் காதில் விழாது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி-யின் நெடுந்தூர வலையமைப்பு ஏறக்குறைய 9 மணி நேரம் தள்ளாடியது. ஒரு சுவிட்ச் சின்னக் கோளாறிலிருந்து மீண்டு, ‘நான் திரும்ப வந்துவிட்டேன்’ என்பதை அண்டை சுவிட்சுகளுக்குத் தெரிவித்தது. அந்தத் தகவலைக் கையாளும் மென்பொருளில் ‘பிரேக்’ கட்டளை ஒன்று இடம் தவறி உட்கார்ந்திருந்தது. செய்திகள் நெருக்கி நெருக்கி வந்தால் அண்டை சுவிட்சும் ரீசெட் ஆகும். அதுவும் மீண்டு வந்து அதே நல்ல செய்தியைத் தன் அண்டைகளுக்குச் சொல்லும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சுவிட்சுகள் ஒன்றையொன்று மாற்றி மாற்றிக் கீழே தள்ளின. சிக்னலிங் மென்பொருளைத் தொடுவதென்றால் பழைய தொலைபேசிக்காரர்கள் ஏன் நெருப்பைத் தொடுவது போல் பயந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பின்னால் அவர்கள் எடுத்த முடிவுகளைக் கேலி செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

12 பிட்டில் பூட்டிய கதவு

எஸ்எஸ்7-இன் மேல் அழைப்பை நடத்துவது ஐசப். அதன் முதல் செய்தி ஐஏஎம். அதைத் திறந்து பார்த்தால், கூப்பிடும் எண் இரண்டிரண்டு இலக்கமாக ஒரு பைட்டில் தலைகீழாக அடுக்கியிருக்கும். 2600 என்று போட்டால் செய்திக்குள் 62, 00 என்றுதான் கண்ணில் படும். முதல் தடவை பார்ப்பவர் எண் தப்பாகப் போகிறது என்றே நினைப்பார்.

ஆனால் விவகாரம் எண்ணில் இல்லை, செய்தியின் தலையில் இருக்கும் சிஐசி என்ற 12 பிட்டில். இந்த அழைப்பின் குரல் எந்தத் தடத்தில் போகிறது என்பதை அதுதான் சொல்லும். 2 மெகாபிட் இணைப்புகளில் அதன் கடைசி 5 பிட் எந்த டைம்ஸ்லாட் (ஒரு இணைப்பைப் பங்கிட்ட நேரத் துண்டு) என்பதையும், மீதி 7 பிட் எந்த இணைப்பு என்பதையும் குறிக்கும். அதாவது ஐசப்பைப் பொறுத்தவரை அழைப்பு என்றால் ஒரு கம்பியில் ஒரு இடம். கம்பியே இல்லாத பாக்கெட் வலையமைப்பில் இந்த 12 பிட்டுக்கு என்ன அர்த்தம்? 1990-களின் கடைசியில் ஜெனீவாவிலும் பிற இடங்களிலும் நடந்த விவாதங்களின் மையம் இந்தக் கேள்விதான்.

ஐடியு-டியின் 11-ஆம் ஆய்வுக்குழு சிக்னலிங்குக்குப் பொறுப்பு. அவர்கள் தந்த பதில் பிஐசிசி. 2000-இல் கியூ.1901 பரிந்துரை, 2001-இல் கியூ.1902 வரிசை. செய்த வேலை எளிமையானது, சொல்லப்போனால் கெட்டிக்காரத்தனமானது. ஐசப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 12 பிட் சிஐசியை 32 பிட்டாக அகலப்படுத்தினார்கள். சுருக்கப் பெயர் அதேதான்; முன்பு அது ‘தடத்தின் அடையாளம்’, இப்போது ‘அழைப்பின் அடையாளம்’. குரல் எந்த வழியில் போகிறது என்பதை வேறு ஒரு பொதிக்குள் வைத்து அனுப்பினார்கள். ஏடிஎம் (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, ஒரு பாக்கெட் கடத்தல் முறை) ஆனாலும் ஐபி ஆனாலும் கவலையில்லை. கூப்பிடுபவர் எண்ணை மறைத்தல், அழைப்பைத் திருப்பிவிடுதல், கட்டணத் தகவல் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த எல்லாச் சேவையும் ஒரு திருகாணி கழலாமல் அப்படியே வந்துவிடும்.

இணைய ஆட்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பாக்கெட் யுகத்தில் இன்னும் ஐசப்பா என்று. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபியின் ரிலீஸ் 4 மொபைல் மையத்தில், அழைப்பை நடத்தும் எம்எஸ்சி சர்வர்களுக்கு இடையே பிஐசிசிதான் ஓடியது. நாம் 2ஜி, 3ஜியில் பேசிய எத்தனையோ அழைப்புகள் சத்தமில்லாமல் அதன் மேல்தான் போயின. பேச்சில் அடிபடாத நெறிமுறைதான் பல நேரம் நன்றாக உழைத்த நெறிமுறை.

இன்னொரு பக்கம், ஐடியு-டி 1996-லேயே ஹெச்.323-ஐக் கொண்டுவந்திருந்தது. வீடியோ மாநாட்டுக்கு என்று பிறந்து, ஐபி தொலைபேசிக்கு வேலைக்கு வந்த பிள்ளை அது. ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) செய்திகளை எடுத்துக்கொண்டு, கண்ணால் படிக்க முடியாத ஏஎஸ்என்.1 பைனரி வடிவில் எழுதப்பட்டது. முதல் பதிப்பில் ஒரு அழைப்பை ஏற்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட டிசிபி இணைப்புகள் திறக்க வேண்டியிருந்தது; 1998-இன் இரண்டாம் பதிப்பில் ‘ஃபாஸ்ட் கனெக்ட்’ வந்து அதைச் சுருக்கியது.

இணையத் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் தந்தது எஸ்ஐபி. மார்க் ஹேண்ட்லி, ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஈவ் ஸ்கூலர், ஜொனாதன் ரோசன்பெர்க் ஆகியோர் எழுதிய ஆர்எஃப்சி 2543, 1999 மார்ச்சில் வந்தது. ஹெச்டிடிபி போல வெறும் எழுத்து. செய்தியைத் திரையில் அப்படியே படிக்கலாம். ‘இன்வைட்’ போகும், ‘200 ஓகே’ வரும், ‘பை’ சொன்னால் முடிந்தது. ஒரு மாணவர் வார இறுதியில் ஒரு சின்ன எஸ்ஐபி போனை எழுதிவிட முடியும். அப்புறம், தொழில்நுட்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்தையும் நான் இதில் சேர்ப்பேன். ஆர்எஃப்சிகள் எப்போதும் இலவசம். ஐடியு-டியின் பரிந்துரைகள் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது 2007-இல்தான். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆவணமும் உடனே இறக்கிக்கொள்ளும் ஆவணமும் ஓட்டப்பந்தயத்தில் நின்றால் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு நெறிமுறை, இரண்டு எழுத்துமுறை

அடுத்து, கேட்வேயைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை. பழைய சுவிட்சை இரண்டாக உடைத்தார்கள்: மூளை தனி, குரலைக் கையாளும் கை தனி. மூளை கைக்கு எப்படி ஆணையிடுவது? இதற்கு ஐஇடிஎஃப்பும் ஐடியு-டியின் 16-ஆம் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதுதான் மெகாகோ. ஐடியு பெயரில் ஹெச்.248. 2000-இல் இரண்டு பக்கமும் வெளியிட்டார்கள். ஐஇடிஎஃப்பில் அது ஆர்எஃப்சி 3015. இரண்டு உலகமும் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டது பெரிய சாதனை என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். உள்ளே இருக்கும் மாதிரியும் அழகானது. குரல் வந்து சேரும் முனைக்கு டெர்மினேஷன் என்று பெயர், சில முனைகளைச் சேர்த்துக் கட்டினால் கான்டெக்ஸ்ட். கிட்டத்தட்ட எல்லா அழைப்பையும் இந்த இரண்டையும் வைத்தே சொல்லிவிடலாம்.

பின்னிணைப்புக்குப் போனால்தான் தெரியும். ஏ பின்னிணைப்பில் பைனரி எழுத்துமுறை, ஏஎஸ்என்.1. பி பின்னிணைப்பில் எழுத்து வடிவம், ஏபிஎன்எஃப். தொலைபேசிக்காரர்களுக்கு ஒன்று, இணையக்காரர்களுக்கு ஒன்று. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே இரண்டும் இருக்கட்டும். எழுத்து வடிவத்துக்கு 2944 போர்ட், பைனரிக்கு 2945. கட்டுப்படுத்தும் மூளை இரண்டையும் புரிந்துகொள்வது நல்லது என்றது ஆவணம். கட்டாயம் என்று சொல்லவில்லை. கேட்வே விருப்பப்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். எழுத்து வடிவத்துக்குள்ளும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீளப் பெயர் ஒன்று, ஓரிரு எழுத்துச் சுருக்கம் ஒன்று.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தரநிலையை அட்சரம் பிசகாமல் பின்பற்றிய இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் போகலாம். ஒன்று பைனரி மட்டும், மற்றது எழுத்து மட்டும். இரண்டிடமும் ‘ஹெச்.248 ஆதரவு உண்டு’ என்று அட்டை ஒட்டியிருக்கும். கொள்முதல் ஆவணத்தில் நெறிமுறையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுத்துமுறையை எழுத மறந்தவர், பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் தலையில் கை வைப்பார். குழுக் கூட்டத்தில் ஒருநாள் சண்டையைத் தவிர்த்ததன் விலையை ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு பார்சர் (செய்தியைப் படித்துப் பிரிக்கும் மென்பொருள்) எழுதிக் கட்டியது.

3ஜிபிபி எடுத்த முடிவும் அதன் பில்லும்

2000-இன் இறுதியில் 3ஜிபிபி தன் ஐபி வழியே குரல், வீடியோ சேவைகளை நடத்தும் ஐபி மல்டிமீடியா துணை அமைப்புக்கு, அதாவது ஐஎம்எஸ்ஸுக்கு, எஸ்ஐபியைத் தேர்ந்தெடுத்தது. ஹெச்.323-இன் எதிர்காலத்தை அந்த ஒரு முடிவு தீர்த்துவிட்டது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பில் பிறகு வந்தது.

எஸ்ஐபியின் அடிப்படை நம்பிக்கை, அறிவு முனைகளில் இருக்கும், நடுவில் இருப்பவை செய்தியைக் கடத்தினால் போதும் என்பது. மொபைல் நிறுவனத்தின் அடிப்படை நம்பிக்கை நேர் எதிர்: யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார், எவ்வளவு கட்டணம், தரத்துக்கு ரேடியோவில் இடம் இருக்கிறதா – எல்லாம் நடுவில் தெரிய வேண்டும். ஆக ஒவ்வொன்றுக்கும் நீட்டிப்பு. மணி அடிப்பதற்கு முன் குரல் தடத்துக்கு இடம் உறுதியாக வேண்டும் என்று ஆர்எஃப்சி 3312. இடைக்காலப் பதில்கள் தொலையாமல் இருக்க ஆர்எஃப்சி 3262. படிக்க வசதியாக எழுத்தில் இருக்கும் செய்தி ரேடியோவுக்கு நீளமாகிப் போனதால் அதைச் சுருக்க சிக்காம்ப் என்று ஆர்எஃப்சி 3320. படிப்பதற்காக எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு படிக்க முடியாதபடி சுருக்கியது இந்தத் துறைக்கே உரிய நகைச்சுவை.

ஐஇடிஎஃப்புக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அமைப்பும் தன் தேவைக்கு எஸ்ஐபி செய்தியில் தலைப்பு (ஒரு தகவலைத் தாங்கும் வரி) சேர்த்துக்கொண்டே போனால் அது பத்து நெறிமுறையாகிவிடும். 2002 டிசம்பரில் ஆர்எஃப்சி 3427 வழியாக ஒரு ஏற்பாடு செய்தார்கள்: பொதுப் பயன்பாட்டுக்கு அல்லாத தலைப்புகள் ‘பி-’ என்ற முன்னொட்டோடு வரட்டும், அவை தகவல் ஆவணங்களாக மட்டும் இருக்கட்டும். அப்படி வந்ததில் ஒன்று பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி, ஆர்எஃப்சி 3325. கூப்பிடுபவர் இன்னார்தான் என்று வலையமைப்பு உறுதி சொல்லும் தலைப்பு. ஒருவரையொருவர் நம்பும் வலையமைப்புகளுக்குள் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆவணமே சொல்கிறது. உலகத்து ஐஎம்எஸ் வலையமைப்புகள் அழைப்பாளர் அடையாளத்துக்கு நம்பி நிற்பது இந்தத் ‘தகவலுக்காக’ ஆவணத்தைத்தான். ‘நம்பும்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் திரும்ப வருவோம்.

34-ஆம் எண் காரணம்

பழையதையும் புதியதையும் சேர்க்கும் இடத்தில்தான் உண்மையான உழைப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் மொழிபெயர்ப்பு சுலபம். ஐஏஎம் வந்தால் இன்வைட். ஏசிஎம் (எண் முழுதும் வந்து சேர்ந்தது) வந்தால் 180 அல்லது 183. ஏஎன்எம் (எடுத்துவிட்டார்) வந்தால் 200 ஓகே. அழைப்பு ஏன் முடிந்தது என்பதற்கு ஐசப் ஒரு காரண எண் தரும். அதன் 17-ஆம் காரணம், ‘ஆள் பேசிக்கொண்டிருக்கிறார்’, எஸ்ஐபியில் 486. எல்லோருக்கும் சம்மதம்.

இப்போது 34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தடம் காலியில்லை’. ஐஇடிஎஃப்பின் மாற்று அட்டவணை ஆர்எஃப்சி 3398, 2002 டிசம்பர். அதன்படி இது 503, ‘சேவை கிடைக்கவில்லை’. ஐடியு-டியின் மாற்று அட்டவணை கியூ.1912.5, 2004 மார்ச். அதன்படி பொதுவாக இது 480, ‘தற்காலிகமாகக் கிடைக்கவில்லை’. 3-ஆம் காரணம், ‘அந்த இடத்துக்கு வழி இல்லை’: ஒரு அட்டவணையில் 404, இன்னொன்றில் 500.

என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். எஸ்ஐபியில் 503 என்பது இந்த அழைப்பு போகவில்லை என்பதோடு நிற்காது. அதோடு காத்திருப்பு நேரமும் சேர்ந்து வந்தால், அனுப்பியவர் அந்த சர்வரையே கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். கேட்வேக்கு அப்பால் எங்கோ ஒரு எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு திசையில் தடம் நிரம்பியிருக்கிறது. கேட்வே 503 சொல்கிறது. முன்னால் நின்று அழைப்புகளை வழிநடத்தும் ப்ராக்ஸி சர்வர், கேட்வேயே படுத்துவிட்டதாக எண்ணி எல்லா அழைப்பையும் அடுத்த கேட்வேக்குத் திருப்புகிறது. அது நிரம்புகிறது. அதுவும் 503 சொல்கிறது. 1990 ஜனவரியின் சுவிட்சுகள் ஞாபகம் வருகிறதா? 503-இன் இந்த இரட்டை அர்த்தத்தையும் நெரிசல் நேரத்து எஸ்ஐபியின் தடுமாற்றத்தையும் ஆர்எஃப்சி 5390 விரிவாகப் பட்டியலிட்டது 2008 டிசம்பரில். மூலக் காரண எண்ணை எஸ்ஐபியோடு சேர்த்தே அனுப்ப ‘ரீசன்’ தலைப்பு 2002-லேயே இருந்தது. ஆனால் பதில்களில் அந்த எண்ணைப் போடலாம் என்று ஆர்எஃப்சி 6432 அனுமதித்தது 2011-இல்.

இன்னொரு முடிச்சு, எண்ணைத் துண்டு துண்டாக அனுப்பும் பழக்கம். எண்ணின் நீளம் நிலையாக இல்லாத நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் முதல் சில இலக்கங்களை ஐஏஎம்மில் அனுப்பிவிட்டு, மீதியை வர வர எஸ்ஏஎம் செய்திகளில் அனுப்பும். எஸ்ஐபி முழு எண் ஒரே இன்வைட்டில் வரும் என்று எதிர்பார்க்கிறது. துண்டு எண்ணோடு இன்வைட் அனுப்பினால் ‘484, முகவரி முழுமையாக இல்லை’ என்று திரும்பும். அடுத்த இலக்கம் சேர்த்து மறுபடி இன்வைட். ஒரு அழைப்புக்கு ஐந்தாறு இன்வைட் போவதும் நடக்கும். ஆர்எஃப்சி 3578 இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறது, செய்யாமல் இருப்பதே நல்லது என்ற தொனியில்.

கியூ.1912.5-ஐ நான் மதிக்கிறேன். ஒரே எஸ்ஐபி இருக்கிறது என்று அது பாவனை செய்யவில்லை. ஏ, பி, சி என்று மூன்று சுயவிவரம், அதாவது எஸ்ஐபியின் மூன்று வகை, வைத்துக்கொண்டது. ஏ, 3ஜிபிபியின் எஸ்ஐபி. சி, எஸ்ஐபி-ஐ, அதாவது எஸ்ஐபி உறைக்குள் முழு ஐசப் செய்தியையும் மடித்து வைத்து அனுப்புவது. புதிய தபால்காரர், பழைய கடிதம். இணையக்காரர்களுக்கு இது அழகாக இல்லைதான். ஆனால் நடுவில் ஐபி, இரண்டு ஓரத்திலும் பழைய எக்ஸ்சேஞ்ச் என்ற நிலையில் ஒரு சேவையும் உதிராமல் கொண்டுபோனது இதுதான். ரிலீஸ் 8-இல் 3ஜிபிபியும் மொபைல் மையத்துக்குள் எஸ்ஐபி-ஐயை அனுமதித்தது.

கடனைக் கொஞ்சம் அடைத்தவர்கள்

2004 டிசம்பரில் ஐடியு-டி ஒய்.2001 பரிந்துரையில் அடுத்த தலைமுறை வலையமைப்பு என்றால் என்ன என்று வரையறுத்தது: பாக்கெட் அடிப்படை, சேவை வேறு கடத்தல் வேறு. ஐரோப்பாவில் தரநிலை அமைப்பான எட்சியின் டிஸ்பான் குழு நிலைத் தொலைபேசிக்கு ஐஎம்எஸ்ஸை எடுத்துத் தைத்தது. நிலைத் தொலைபேசிக்கு ஒரு ஐஎம்எஸ், மொபைலுக்கு ஒரு ஐஎம்எஸ் என்று பிரியப் போகிறதே என்று பயந்து, பின்னர் அந்த வேலையை 3ஜிபிபியிடமே ஒப்படைத்து ‘காமன் ஐஎம்எஸ்’ ஆக்கினார்கள். இந்தக் கட்டத்தில் காகிதம் நிறைய, சேவை கொஞ்சம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான திருப்பம் 2009 நவம்பர். எல்டிஇ எனும் 4ஜி தரநிலை வந்துவிட்டது, அதில் குரலுக்கு வழி இல்லை. ஐஎம்எஸ் ஆவணங்கள் மலைபோல் இருக்கின்றன. எந்த விருப்பத்தை எடுப்பது, எதை விடுவது என்று இரண்டு நிறுவனங்களுக்குள்கூட ஒத்துப்போகவில்லை. வெரைசன், வோடஃபோன், ஆரஞ்சு, எரிக்சன், நோக்கியா, சாம்சங் உள்ளிட்ட சில நிறுவனங்கள் சேர்ந்து ‘ஒன் வாய்ஸ்’ என்று ஒரு சின்ன ஆவணம் வெளியிட்டன. புதிதாக ஒரு செய்தியோ தலைப்போ அதில் இல்லை. இருக்கும் தரநிலைகளில் இதை எடு, அதை விடு என்ற பட்டியல், அவ்வளவுதான். 2010 தொடக்கத்தில் மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ அதை ஏற்றுக்கொண்டது. ஐஆர்.92 என்ற பெயரில் வந்த அதுதான் நாம் வோல்ட்இ என்று சொல்வதன் அடிப்படை.

தரநிலை அமைப்பு எதுவும் ஐஆர்.92-ஐ எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியது நிறுவனங்களின் கூட்டமைப்பு. பத்தாண்டு முன்னால் குழுக்கள் ஒத்திப்போட்ட முடிவுகளை, சந்தையில் மாட்டிக்கொண்டவர்கள் உட்கார்ந்து எடுத்தார்கள்.

‘நம்பும்’ என்ற சொல்

எஸ்எஸ்7 எழுதப்பட்ட காலத்தில் அதன் வாசலுக்குள் இருந்தது சில பெரிய தொலைபேசி நிறுவனங்கள், பெரும்பாலும் அரசுகளே. செய்தி அனுப்பியவர் யார் என்று சரிபார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பிறகு கதவு திறந்தது, ஆள்கள் பெருகினார்கள், சரிபார்ப்பு மட்டும் சேரவில்லை. 2014 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் டோபியாஸ் எங்கலும் கார்ஸ்டன் நோலும், எஸ்எஸ்7 அணுகல் இருந்தால் உலகில் எங்கோ இருக்கும் ஒருவரின் இருப்பிடத்தை அறியலாம், பேச்சைத் திருப்பலாம் என்று மேடையில் காட்டினார்கள். 2017-இல் ஜெர்மனியில் வங்கியின் குறுஞ்செய்திக் குறியீடுகளை எஸ்எஸ்7 வழியே திருப்பிக் கணக்கில் கைவைத்தது வெளியே வந்தது. 4ஜி மையத்தில் எஸ்எஸ்7-க்குப் பதிலாக வந்த டயாமீட்டர் நெறிமுறையும் அதே நம்பிக்கையைத்தான் சுமந்து வந்தது.

11-ஆம் குழு கியூ.3057-இல் எஸ்எஸ்7 பக்கமும் நம்பத்தக்க முனைகளை அடையாளம் காணும் ஏற்பாட்டை வைத்தது. அழைப்பாளர் எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் போடும் முறையை ஐஇடிஎஃப் 2018-இல் ஆர்எஃப்சி 8224 முதல் 8226 வரை கொண்டுவந்தது. 3325-இன் ‘நம்பும்’ என்ற சொல்லுக்கு 16 ஆண்டு தாமதமாக ஒரு ஆதாரம் கிடைத்தது என்று இதைப் படிக்கலாம்.

5ஜி மையத்தில் 3ஜிபிபி துணிந்து பழைய சிக்னலிங் குடும்பத்தையே ஒதுக்கிவிட்டது. ரிலீஸ் 15-இல் மையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வலைத்தளங்களின் நெறிமுறையான ஹெச்டிடிபி/2-இல் ஜேசன் என்ற எழுத்து வடிவச் செய்தி அனுப்பிப் பேசுகின்றன. இரண்டு நிறுவனங்களின் எல்லையில் செப் என்ற காவலாளி நிற்கும். இரண்டு செப்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு என்32 என்று பெயர்.

அந்த என்32-ஐ எப்படிப் பாதுகாப்பது என்பதில் மறுபடியும் இரண்டு தரப்பு. இரண்டு செப்களும் நேரடியாக டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்டுக்கொண்டால் போதும் என்றது ஒன்று. நடுவில் இருக்கும் ரோமிங் இடைத்தரகர்கள் செய்தியைப் பார்க்கவும் சில இடங்களில் திருத்தவும் வழி வேண்டும் என்றது இன்னொன்று. அதற்குப் பிரின்ஸ் என்ற முறை: இடைத்தரகர் செய்த திருத்தம் அவர் கையொப்பத்தோடு தனியாக ஒட்டிக்கொண்டு போகும். கடைசியில் ஆவணத்தில் இரண்டுமே இருக்கின்றன.

மெகாகோவிலிருந்து ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே எதிரில் இருப்பது பைனரியா எழுத்தா என்பதைக் கொள்முதல் செய்பவர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இங்கே இரண்டு செப்களும் முதலில் என்32-சி என்ற தனி இணைப்பைத் திறக்கின்றன. அதில் போகும் முதல் செய்தியே ஒரு கேள்வி: உனக்கு டிஎல்எஸ் வருமா, பிரின்ஸ் வருமா, எதை வைத்துக்கொள்ளலாம்?